இரு மழைக்காலங்களின் உத்தரவாதம்: கொழும்பு வீட்டு முற்றங்களும் வேலைத்தரப் பொறுப்பும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ முற்ற வேலைக்குக் கொடுக்கப்படும் விலைக்கூற்றுகளின் அடியில் ஒரு வரி இருக்கும்: ‘வேலைக்கு ஒரு வருட உத்தரவாதம்.’ சிலவற்றில் அது மூன்று மாதமாகவோ ஆறு மாதமாகவோ இருக்கும். எதற்கு உத்தரவாதம், எந்த நாளிலிருந்து, குறை இருக்கிறதா என்று யார் பார்த்துச் சொல்வது என்ற விவரங்கள் அந்த வரியில் இரா. வீட்டுக்காரர் அதை நம்பி முற்பணம் கொடுக்கிறார். கொந்தராத்துக்காரர் அதை வியாபார மரியாதையாக எழுதிவைக்கிறார். இன்டர்லொக் கல் தாழ்ந்து மழைநீர் வாசற்படி ஏறும் நாளில்தான், ஒரே வரியை இருவரும் வெவ்வேறு விதமாக வாசித்திருப்பது தெரியவருகிறது.

கொழும்பில் முற்ற வேலையின் தரத்தைச் சோதிப்பது மழை. ஆகவே உத்தரவாதம் பயன்பட வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் தேவை. அது நகரத்தின் இரண்டு மழை உச்சங்களையும் தன் காலத்துக்குள் அடக்க வேண்டும். அக்காலம் முடியும்வரை விலையில் ஒரு சிறு பங்கு வீட்டுக்காரர் கையில் நிற்க வேண்டும். மண்ணுக்குள் மறையும் வேலை மூடப்படுமுன் பதிவாக வேண்டும். இவை இல்லாத இடத்தில் சட்டம் தரும் உரிமைகள் பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிடுகின்றன.

மழைக்கணக்கு

1961 முதல் 1990 வரையான முப்பது ஆண்டுச் சராசரிப்படி கொழும்பின் ஆண்டு மழை ஏறத்தாழ 2,500 மில்லிமீற்றர். அது சீராகப் பெய்வதில்லை. ஜனவரியில் 60 மி.மீ. கூட வருவதில்லை, பெப்ரவரியில் 70 மி.மீ.க்குச் சற்று மேல். ஏப்ரலில் சுமார் 245 மி.மீ. ஆகி, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்தில் 390 மி.மீ.யைத் தொடுகிறது. ஆடி, ஆவணியில் தணிந்து, ஒக்டோபரில் மீண்டும் 365 மி.மீ. வரை ஏறி, நவம்பரில் 410 மி.மீ.யைக் கடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு உச்சங்கள். இடையில் நீண்ட ஓய்வு.

வீட்டு வேலைகளை மக்கள் முடிக்க விரும்பும் நாட்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்க வீடுகளில் நத்தாருக்கு முன், வெள்ளவத்தையில் பொங்கலுக்கு முன், வெளிநாட்டு உறவினர் வரும் வீடுகளில் ஆடி விடுமுறைக்கு முன் என்று அவசரம் இருக்கும். ஜனவரி 10ஆம் திகதி கையளிக்கப்பட்ட முற்றத்துக்கு மூன்று மாத உத்தரவாதம் ஏப்ரல் 10ஆம் திகதி முடிகிறது. அந்த மூன்று மாதத்திலும் சராசரியாகப் பெய்யும் மழை, அடுத்து வரும் மே மாதம் ஒன்றில் பெய்வதைவிடக் குறைவு. சோதனை தொடங்குமுன்பே பொறுப்பு முடிந்துவிடுகிறது. ஆறு மாத உத்தரவாதம் மே மாதத்தைப் பிடிக்கும், நவம்பரை விட்டுவிடும். இரண்டு உச்சங்களையும் தவறாமல் உள்ளடக்கும் மிகக் குறைந்த காலம் பன்னிரண்டு மாதம். ஆகவே ஒரு வருடம் என்பது கொந்தராத்துக்காரரின் தாராளம் இல்லை, நகரத்தின் காலநிலை கேட்கும் குறைந்த அளவு.

‘அசாதாரண மழைக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்ற வாசகத்தையும் இதே கணக்கோடுதான் வாசிக்க வேண்டும். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 2010 நவம்பரில் ஓரிரவுக்குள் 400 மி.மீ.க்கு மேல் பெய்து பாராளுமன்ற வளாகம்வரை வெள்ளம் புகுந்தது. அப்படியொரு நாளைத் தாங்கவில்லை என்று வீட்டு முற்றத்துக் கானைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மே மாதத்து வழக்கமான அடைமழை இந்த ஊரில் அசாதாரணம் ஆகாது. எந்த அளவுக்கு மேல் விலக்கு என்று ஒப்பந்தத்திலேயே ஓர் இலக்கம் எழுதி, வளிமண்டலவியல் திணைக்களத்தின் பதிவை அளவுகோலாகக் கொண்டால், பின்னாளில் வானத்தைக் காட்டி வாதாடத் தேவையிருக்காது.

ஒரு சொல்லுக்குள் நான்கு பொறுப்புகள்

‘உத்தரவாதம்’ என்ற ஒரே சொல்லின் கீழ் நான்கு வேறு பொறுப்புகள் கலந்து கிடக்கின்றன. முதலாவது பொருளுக்கான பொறுப்பு. கல், குழாய், மின்விளக்கு, நீர்ப்பம்பி ஆகியவை பழுதானால் அது உற்பத்தியாளரையோ விற்றவரையோ சேரும். இரண்டாவது வேலைத்தரம்: நல்ல கல்லையே வாங்கி, அடித்தளத்தைச் சரியாக இறுக்காமல் பதித்திருந்தால் தவறு பதித்தவருடையது. மூன்றாவது வடிவமைப்பு. எந்த இடத்துக்கு எந்தச் செடி, எவ்வளவு சாய்வு, நீர் எங்கே போகும் என்று முடிவெடுத்தவர் அதற்குப் பொறுப்பு. நான்காவது பராமரிப்பு; வேலை முடிந்தபின் நீர் ஊற்றுவதும் களை பிடுங்குவதும் கான் வாயைச் சுத்தம் செய்வதும் பொதுவாக வீட்டுக்காரரின் கடமை.

வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் இந்தப் பிரிப்பு மிக நடைமுறையான கேள்வியாகிறது. இருபுறமும் பல மாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கும் முற்றத்துக்கு நாளில் இரண்டு மணிநேர வெயில்கூடக் கிடைப்பதில்லை. அங்கே விரித்த புற்றரை மூன்று மாதத்தில் மஞ்சளித்துச் செத்தால், விரித்த தொழிலாளியின் கையில் குறை இல்லை. அங்கே புல் வளரும் என்று தீர்மானித்தவரிடம் இருக்கிறது. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் கடற்காற்றின் உப்பு இலைகளைக் கருக்குவதும் அப்படித்தான். வீட்டுக்காரரே வெளிநாட்டுத் தோட்டப் படமொன்றைக் காட்டி ‘இதுதான் வேண்டும்’ என்று பிடிவாதம் பிடித்திருந்தால் பொறுப்பு அவரிடம் திரும்பலாம். கொந்தராத்துக்காரர் வடிவமைப்பையும் தானே செய்து, அதற்கும் பணம் வாங்கியிருந்தால் அவரால் எளிதாக விலக முடியாது. தொழில் தெரிந்தவன் என்று சொல்லி வேலையை ஏற்றவனின் அறியாமையும் கவனக்குறைவாகவே கொள்ளப்படும் என்பது உரோமச் சட்ட அறிஞர் காயஸ் காலத்திலிருந்து வரும் கோட்பாடு.

செடிகளுக்குத் தனி உத்தரவாதம் எழுதுவது நல்லது. நட்ட செடி சாவதற்குக் காரணங்கள் பல. பொலித்தீன் பையைக் கழற்றாமல் நட்டது, தண்டின் கழுத்து புதையும்படி ஆழமாக நட்டது, கட்டட இடிபாட்டுச் சீமெந்துத் துண்டுகளின் மேல் ஒரு கைப்பிடி நல்ல மண்ணைப் போட்டு மூடியது ஆகியவை வேலைக் குறைகள். நீர் ஊற்றாததால் செத்தது பராமரிப்புக் குறை. செத்த செடியைத் தோண்டி வேரைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும். அதற்கு இரு தரப்பும் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

கல்லுக்கு அடியில் நடப்பது

கொழும்பு முற்றங்களில் அதிகம் தகராறாவது இன்டர்லொக் தளம். கண்ணுக்குத் தெரியும் கல் அதன் கடைசி அடுக்கு மட்டுமே. கீழே இறுக்கிய மண், அதன் மேல் சல்லியும் கல்தூளும் கலந்த அடித்தளம், அதன் மேல் ஏறத்தாழ 25 முதல் 40 மி.மீ. மணற்படுக்கை, பிறகுதான் கல். அடித்தளத்தைச் சிறு சிறு படைகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இயந்திரத்தால் இறுக்க வேண்டும். ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் தட்டினால் மேற்பரப்பு கெட்டியாகத் தெரியும். மழைநீர் இறங்கும்போது உள்ளே குழி விழும். ஓரங்களில் கொங்கிரீட் தடுப்பு இல்லாவிட்டால் கற்கள் பக்கவாட்டில் நகர்ந்து இடைவெளி விரியும். கல்லுக்கென்று எஸ்.எல்.எஸ். 1425 என்ற இலங்கைத் தரநியமம் உண்டு. அந்தச் சான்று கல்லின் பலத்தைச் சொல்லும், பதித்தவரின் வேலையைச் சொல்லாது. நடைபாதைக்குப் போதுமான 60 மி.மீ. கல்லின் மேல் பாரமான வாகனங்களை ஏற்றினால் உடையும். அதற்கு 80 மி.மீ. கல்லைக் கேட்டிருக்க வேண்டும். இதுவும் வேலைத்தரத்துக்கு முந்திய ஒரு முடிவு.

சாய்வு இன்னொரு முக்கிய விஷயம். நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சாய்வு வழக்கம். பத்து மீற்றர் நீளத் தளத்தின் ஒரு முனை மற்ற முனையைவிடப் பதினைந்து முதல் இருபது சென்ரிமீற்றர் தாழ வேண்டும். கையளிக்கும் நாளில் ஹோஸ் குழாயைத் திறந்து நீரை ஓடவிட்டு அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால், எந்த இடத்தில் தேங்குகிறது என்பது தெரிந்துவிடும். மொட்டைமாடித் தோட்டமாயின், மண் போடுமுன் நீர்காப்புப் பூச்சின் மேல் ஒரு நாளுக்குக் குறையாமல் நீரைக் கட்டிவைத்துச் சோதிக்க வேண்டும். மண்ணும் செடியும் ஏறியபின் கசிவைத் தேடுவதென்றால் தோட்டம் முழுவதையும் பெயர்க்க நேரும். அந்தப் பெயர்ப்புச் செலவு யாருடையது என்பதை நீர்காப்பு உத்தரவாதங்கள் பல சொல்வதில்லை.

நீர் தேங்குவது அழகுக் குறையோடு நிற்பதில்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், தன் வளவில் நுளம்பு பெருகும் சூழலை வைத்திருக்காமல் பார்க்கும் கடமையை உரிமையாளர் மீதும் குடியிருப்பவர் மீதும் சுமத்துகிறது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரமோ பத்து நாளோ போதும். நாட்டில் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவான 2017ஆம் ஆண்டில் கொழும்பு மாவட்டமே முன்னின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது ‘தளம் தாழ்ந்தது கொந்தராத்துக்காரரின் தவறு’ என்ற விளக்கம் வீட்டுக்காரரைக் காப்பாற்றாது. ஆகவே நீர் தேங்கும் குறைக்கு மட்டும் மிகக் குறுகிய திருத்தக் கெடு, ஏழு நாள் என்று, ஒப்பந்தத்தில் கேட்பது நியாயம்.

சட்டம் தருவதும் தராததும்

இலங்கையில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாக இருப்பது உரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் விட்டுச்சென்றதை 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயர் தொடர்ந்தனர். ஒரு வேலையை முடித்துத் தருவதாக ஏற்றவர், எழுத்தில் இல்லாவிட்டாலும், அதைத் தொழிலுக்குரிய திறமையோடு செய்து தரவேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. வேலை சரியாக முடியாதவரை முழுப் பணத்தையும் கேட்க முடியாது என்பதும் அதே மரபு. அந்த மரபைப் பகிரும் தென்னாபிரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979இல் ஒரு வழக்கில் இதற்கு ஓர் எல்லை வகுத்தது: குறையுள்ள வேலையை உரிமையாளர் பயன்படுத்திக்கொண்டிருந்தால், திருத்தச் செலவைக் கழித்து மீதியைக் கொடுக்கும்படி நீதிமன்றம் தீர்மானிக்கலாம். அத்தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ‘ஒரு மூலையில் கல் தாழ்ந்தது, ஒரு சதமும் தரமாட்டேன்’ என்பவருக்கு அது நல்ல எச்சரிக்கை.

பாவனையாளருக்கு நேரடியான பாதுகாப்பு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் உள்ளது. வியாபாரமாகச் சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார், அதற்காகத் தரும் பொருட்கள் நோக்கத்துக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதத்தை, எழுதாவிட்டாலும் எழுதியதாகவே அச்சட்டம் கொள்கிறது. ஆனால் அதிகார சபைக்கு எழுத்துமூல முறைப்பாடு, பொருள் விற்ற அல்லது சேவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச்சேர வேண்டும். மேலே பார்த்த மழைக்கணக்கு இங்கே மீண்டும் குறுக்கிடுகிறது. ஜனவரியில் முடிந்த வேலையின் குறை மே மாதத்தில் வெளிப்படும்போது இந்தக் கதவு மூடியிருக்கும்.

நீதிமன்றக் கதவு நெடுநாள் திறந்திருக்கும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் மேல் ஆறு ஆண்டுக்குள்ளும், வாய்மொழி ஒப்பந்தத்தின் மேல் மூன்று ஆண்டுக்குள்ளும் வழக்கிடலாம். விலைக்கூற்றில் இருவரும் ஒப்பமிடுவதால் மட்டும் உரிமையின் ஆயுள் இரட்டிப்பாகிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கும் சட்ட மதிப்பு அளிப்பதால், வட்ஸ்அப்பில் போன படங்களும் செய்திகளும் சான்றாகப் பயன்படலாம். ‘எந்த நட்டத்துக்கும் பொறுப்பில்லை’ என்று அச்சடித்த நிபந்தனைகளை 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் நியாயத் தராசில் நிறுக்கச் செய்கிறது. சிறு தொகைப் பிணக்குகளில் பலவற்றை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கு முதலில் கொண்டுபோக வேண்டும். முற்ற வேலைத் தகராறுக்கு அது பொருத்தமான இடமும்கூட, ஏனெனில் அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் தண்டனையைவிடத் திருத்தம்.

உத்தரவாதக் காலம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. உத்தரவாதக் காலம் என்பது கொந்தராத்துக்காரர் மேலதிகப் பணம் கேட்காமல் திரும்பி வந்து திருத்தவேண்டிய காலம். அது முடிந்ததும் கையளிப்பு நாளில் கண்டறிய முடியாதபடி மறைந்திருந்த குறைக்கான நட்டஈட்டு உரிமை தானாக அழிந்துவிடாது. ஒப்பந்த வாசகத்துக்கும் காலாவதிக்கும் உட்பட்டு அது நீடிக்கும். வேறுபாடு என்னவென்றால், முதலாவதில் ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். இரண்டாவதில் குறை, காரணம், செலவு மூன்றையும் வீட்டுக்காரரே நிரூபிக்க வேண்டும். அறிவித்தல் கொடுக்காமல் வேறொரு பாஸைப் பிடித்துக் கல்லைப் பெயர்த்துத் திருத்திவிட்டால், நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.

பிடித்துவைக்கும் பணம்

அரசாங்க வேலைகள் இந்தச் சிக்கலுக்கு எப்போதோ ஒரு வழி கண்டுவிட்டன. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையும் அதற்கு முன்னிருந்த இக்ராட் நிறுவனமும் வெளியிட்ட மாதிரி ஒப்பந்த ஆவணங்களில், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் பொதுவாக 365 நாட்கள். ஒவ்வொரு கொடுப்பனவிலும் பத்து வீதம் பிடித்து, மொத்த ஒப்பந்த விலையில் ஐந்து வீதத்தோடு நிறுத்துவது வழக்கம். கையளித்ததும் பாதியும், பொறுப்புக் காலம் முடிந்ததும் மீதியும் விடுவிக்கப்படும்.

எட்டு இலட்சம் ரூபாய் முற்ற வேலையை எடுத்துக்கொண்டால் ஐந்து வீதம் நாற்பதாயிரம். கையளிப்பில் இருபதாயிரம், ஆண்டு நிறைவில் இருபதாயிரம். இந்தத் தொகை எந்தப் பெருங்குறையையும் திருத்தப் போதாது. ஆனால் அடுத்த வேலைக்குப் போய்விட்ட கொந்தராத்துக்காரர் ஒரு நாள் இரண்டு ஆட்களோடு திரும்பி வருவதற்குப் போதும். சிறு குறைகள் பெருங்குறைகளாவதைத் தடுப்பது அந்த ஒரு நாள் வருகைதான்.

தொடர்மாடியின் பொது முற்றம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலர் தனி முற்றம் இல்லாமல் தொடர்மாடியில் வாழ்கிறார்கள். கீழ்த்தளத் தோட்டம், வாகனத் தரிப்புத் தளம், மொட்டைமாடி எல்லாம் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி பொதுவாகப் பொது உறுப்புகள். அவற்றைப் பராமரிப்பது முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். மேற்பார்க்க கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது. ஆகவே தோட்டத்துக்கான உத்தரவாதப் பத்திரம் கூட்டுத்தாபனத்தின் பெயரில் இருக்க வேண்டும். கட்டியவரின் பெயரிலோ அப்போதைய செயலாளரின் தனிப்பட்ட பெயரிலோ இருந்தால், ஆள் மாறியதும் உரிமை கோருவது யார் என்ற கேள்வி எழும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மனைத்தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டைக் கையளித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைக் கட்டியவர் முப்பது நாளில் இலவசமாகத் திருத்த வேண்டும் என்கிறது. கொழும்பில் தொடர்மாடி வாங்குபவர் அதே ஐந்து ஆண்டைத் தன் ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறலாம்.

உரிமையாளர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். வேலையை ஏற்றுக்கொண்டு ஒப்பமிடும் உறவினருக்கு அந்த அதிகாரம் எழுத்தில் இருக்கிறதா என்பது முக்கியம். அற்றோணித் தத்துவத்தில் ‘வேலையை ஏற்றுக்கொள்ளவும், குறைகளை அறிவிக்கவும், இறுதிப் பணத்தை விடுவிக்கவும்’ என்று மூன்றையும் சேர்ப்பது பிற்காலத் தலையிடியைக் குறைக்கும். ஆடி விடுமுறைக்கு வந்து உலர்ந்த தளத்தைப் பார்த்துத் திருப்தியோடு கடைசிப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனவர், நவம்பர் மழையைப் படங்களில்தான் பார்ப்பார்.

கொந்தராத்துக்காரர் பக்க நியாயம்

பிடித்துவைத்த பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. நாட்கூலி கொடுத்து, பொருளைக் கடனுக்கு வாங்கி ஓடும் சிறு கொந்தராத்துக்காரருக்கு இருபதாயிரம் சின்னத் தொகை இல்லை. ஆகவே விடுவிக்கும் திகதி நிச்சயமாக எழுதப்பட வேண்டும். அந்தத் திகதிக்குமுன் எழுத்தில் குறை சொல்லப்படாவிட்டால் பணம் தானாகக் கொடுபட வேண்டும். சில விலக்குகளும் அவருக்கு உரியவை: நீர்க் குழாய் இணைப்புக்காகப் பிறர் தளத்தைத் தோண்டியது, சொல்லப்படாத பார வாகனத்தை ஏற்றியது, அயல் மரத்தின் வேர் தூக்கியது, பராமரிப்பு இல்லாமல் கான் அடைத்தது. பதினைந்து வீதம் குறைந்த விலைக்கூற்றைத் தேர்ந்துவிட்டு, விலை கூடியவர் தருவதாகச் சொன்ன அடித்தள ஆழத்தையும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. என்ன ஆழம், எத்தனை படை, எந்தக் கல் என்பது விலையோடு சேர்த்து எழுதப்பட்டால் குறைந்த விலை எங்கிருந்து வருகிறது என்பது முதல் நாளே தெரியும்.

பதிவும் இரு தரப்புக்கும் காவல். அடித்தளம் மூடுமுன் அளவுநாடா தெரியும்படி எடுத்த படம், குழாய் போகும் வழியைக் காட்டும் கைவரைபடம், கையளிப்பு நாளின் நீர்ச்சோதனைக் காணொளி, செடிகளின் பட்டியல் ஆகிய நான்கும் ஒரு கோப்பில் இருந்தால், குறை வந்த நாளில் பேச்சு ‘யார் பொய் சொல்கிறார்’ என்பதிலிருந்து ‘எங்கே திருத்துவது’ என்பதற்கு நகரும்.

விலைக்கூற்றின் அடியில் உள்ள அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக ஒரு சிறு பந்தி போதும்: கையளிப்பு நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் வேலைத்தரப் பொறுப்பு, மே, நவம்பர் மாத முடிவில் இருவரும் சேர்ந்து ஒருமுறை பார்வையிடல், தேங்கும் நீருக்கு ஏழு நாள், மற்றக் குறைகளுக்கு முப்பது நாள் திருத்தக் கெடு, செடிகளுக்குத் தனிக் காலம், திருத்திய பகுதிக்குத் திருத்திய நாளிலிருந்து புதிய ஆறு மாதம், இரண்டரை வீதம் ஆண்டு நிறைவு வரை நிறுத்திவைப்பு. சட்டத்தரணி இல்லாமலே இருவர் ஒரு மேசையில் இருந்து இதை எழுதிவிடலாம். எழுத மறுக்கும் கொந்தராத்துக்காரர் தன் அடித்தளத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையும், நிறுத்திய பணத்துக்குத் திகதி போட மறுக்கும் வீட்டுக்காரர் தன் நேர்மையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதையும், முற்பணம் கைமாறுமுன்பே இந்தப் பந்தி வெளிக்கொண்டுவந்துவிடும்.